கணினியை ‘ஃபார்மட்’ செய்யப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வீட்டுக் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறீர்கள். தண்ணீர் கொதித்து, தேநீரும் கலக்கியாகிவிட்டது. திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவழியாகத் திறந்தால், கேட்காத விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. “கடையில் கொடுத்து ஃபார்மட் பண்ணிவிடலாம்” என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்கிறார்.

யோசனை சரியானதுதான். ஆனால் ‘ஃபார்மட்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, வன்தட்டில் இருப்பதை எல்லாம் துடைப்பது. மற்றொன்று, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது. நிறுவும் வேலையில் பிழை நேர்ந்தால் நாளைக்கு மீண்டும் நிறுவலாம். துடைக்கும் வேலையில் பிழை நேர்ந்தால் திரும்பி வர வழியில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல், துடைப்பதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்கும் என்று அறிவித்தது. ஆதரவு நின்ற மறுநாளே கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள்.

ஓட்டையை அடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2017-இல் உலகம் பார்த்தது. அவ்வாண்டு மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ நச்சுநிரல், 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான மருந்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. மருந்து போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரங்களில் பல வீடுகளுக்குக் கணினி வந்ததே 2020, 2021 ஆண்டுகளில், இல்லிருப்புக் கற்றல் நடந்த காலத்தில்தான். அவசரத்தில் இரண்டாம் கை மடிக்கணினி வாங்கியவர்கள் உண்டு. அண்ணன் வேலைக்குப் போனதும் தம்பி தங்கைகளுக்கு விட்டுச்சென்ற கணினிகளும் உண்டு. அவற்றில் பல இன்றும் விண்டோஸ் 10-இல்தான் ஓடுகின்றன. மேம்படுத்துவதா, வேறு இயங்குதளம் போடுவதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று நீங்கள் முடிவு செய்யும் நேரம் இது. எதைச் செய்தாலும் துடைக்கும் வேலை குறுக்கே வரும்.

அழித்தால் அழிகிறதா?

முதலில் கொஞ்சம் அறிவியல். தோட்ட அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று கிராணி ஒரு பதிவேடு வைத்திருப்பார். ஒரு குடும்பம் பட்டணத்துக்குப் போய்விட்டால் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நேராக ‘காலி’ என்று எழுதுவார். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற மேசை, அலமாரி எல்லாம் வீட்டுக்குள் அப்படியே இருக்கும். புதுக் குடும்பம் வந்து தன் சாமான்களை வைக்கும்போதுதான் பழையவை வெளியேறும்.

பழைய வகை வன்தட்டில் கோப்பை அழிப்பதும் இப்படித்தான். இயங்குதளம் பட்டியலில் மட்டும் ‘காலி’ என்று குறித்துக்கொள்கிறது. காந்தப் பரப்பில் பதிந்த தரவு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே இருக்கும். விரைவு ஃபார்மட் என்பது பதிவேட்டையே புதிதாக மாற்றுவது போன்றது. அப்போதும் சாமான்கள் உள்ளேதான் இருக்கும்.

எஸ்எஸ்டி எனப்படும் திடநிலை வட்டு வேறு விதம். ஒரு கோப்பு அழிக்கப்பட்டதும் இயங்குதளம் வட்டுக்குத் தகவல் அனுப்புகிறது. வட்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, தனக்கு ஓய்வு கிடைக்கும்போது அந்த இடத்தை உண்மையாகவே காலி செய்துவிடுகிறது. அதன் பிறகு மீட்பு மென்பொருள்களால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் உடனே கணினியை நிறுத்துங்கள், மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். அப்போதுதான் மீட்க வாய்ப்பு இருக்கும். கணினியை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், சாதாரணமாக அழித்ததை நம்பாதீர்கள். இதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

எது எங்கே ஒளிந்திருக்கிறது?

“எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டேன்” என்று சொல்லும் பலர், ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையை மட்டுமே எடுத்திருப்பார்கள். என் மாணவர் ஒருவரின் குடும்பத்தில் இது நடந்தது. கடைக்காரர் அந்தக் கோப்புறையைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டுத்தான் கணினியைத் துடைத்தார். ஆனால் அக்காவின் திருமணப் படங்களும், வீடு காலி செய்வதற்கு முன் லயத்து வாசலில் தாத்தாவும் பாட்டியும் நின்று எடுத்துக்கொண்ட படங்களும், அதே கணினியில் அக்கா பெயரில் இருந்த இன்னொரு பயனர் கணக்கின் முகப்புத் திரையில் இருந்தன. அந்தக் கணக்கைப் பற்றிக் கடைக்காரர் கேட்கவில்லை. வீட்டிலும் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்த லயம் இன்று இல்லை. படங்களை மறுபடி எடுக்க முடியாது.

நம் வட்டாரத்தில் இது சின்ன இழப்பு அல்ல. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கப்பட்டது என்பது வரலாற்று நூல்களில் இருக்கிறது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியேவின் பெயரும் இருக்கிறது. ஆனால் அந்தந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பால்வெட்டுக்குப் போன பாட்டியின் முகம் இவையெல்லாம் எந்த நூலிலும் இல்லை. பழைய படங்களை யாரோ ஒருவர் வருடிப் பதிவு செய்து உங்கள் வீட்டுக் கணினியில் போட்டுவைத்திருந்தால், உலகத்தில் இருப்பதே அந்த ஒரு பிரதியாக இருக்கலாம்.

ஆகவே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, வீட்டில் எல்லாரையும் கேட்டு, பட்டியல் எழுதுங்கள்.

முதலில், கணினியில் உள்ள எல்லாப் பயனர் கணக்குகளும். ஒவ்வொன்றிலும் முகப்புத் திரை, பதிவிறக்கங்கள், ஆவணங்கள், படங்கள், காணொளிகள் ஆகிய ஐந்து இடங்களையும் பாருங்கள். புலனம் வழியாக வந்த படங்கள் பெரும்பாலும் பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும்.

அடுத்து, ‘டி’ வட்டு. ஒரே வன்தட்டைச் ‘சி’, ‘டி’ என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். “டி-யில் இருந்தால் பாதுகாப்பு” என்று நம்ப வேண்டாம். நிறுவும்போது எல்லாப் பிரிவுகளையும் நீக்கினால் அதுவும் சேர்ந்தே போகும்.

மூன்றாவது, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள். வருமான வரி, ஊழியர் சேமநிதி, வங்கிக் கணக்குகளுக்குள் நுழையும் கடவுச்சொல் உங்கள் நினைவில் இருக்கிறதா, அல்லது கணினிக்குத்தான் தெரியுமா என்று சோதித்துப் பாருங்கள்.

நான்காவது, பள்ளி வேலைகள். டெலிமா கணக்கின் கூகல் டிரைவில் சேமித்தவை கணினியைத் துடைத்தாலும் போகாது, அவை வேறு இடத்தில் இருக்கின்றன. ஆனால் பிள்ளை வீட்டிலேயே தட்டச்சு செய்து கணினியில் மட்டும் சேமித்த இடுபணி போய்விடும். எஸ்பிஎம் மாணவர் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

ஐந்தாவது, தமிழ் எழுத்துருக்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடு பரவலாவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தன் சொந்தக் குறியீட்டைப் பயன்படுத்தியது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைக் கொண்டு தமிழ்ப்பள்ளிகளிலும் ஆலயங்களிலும் தட்டச்சு செய்த ஆவணங்கள் எத்தனையோ. கோயில் நிர்வாகக் கூட்டக் குறிப்பு, சங்க மலர், கவிதைகள் என்று அப்படிப்பட்ட கோப்புகள் உங்களிடம் இருந்தால், ஆவணத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. கணினியைத் துடைக்கும்போது பழைய எழுத்துருவும் போய்விடும். பிறகு கோப்பைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம்தான் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபாண்ட்ஸ்’ கோப்புறையையும் சேர்த்துக் காப்பி எடுங்கள். முடிந்தால் இப்போதே, எழுத்து சரியாகத் தெரியும்போதே, ஒவ்வோர் ஆவணத்தையும் பிடிஎஃப்-ஆகவும் ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள்.

திறந்து பார்க்காத காப்பி காப்பி அல்ல

பீட்டர் கிராக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு: 3-2-1. முக்கியமான கோப்புக்கு 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். 1 பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். துடைக்கப்போகும் கணினியில் இருப்பதை ஒரு பிரதியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு வெளி வன்தட்டு, மேகக் கணக்கு ஒன்று, அல்லது உறவினர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளலாம். பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். தொலைந்துபோகவும், சொல்லாமல் பழுதாகவும் அதற்கு நேரமே ஆகாது.

காப்பி எடுத்தபின் வெளி வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் செருகி, கோப்புகளைத் திறந்து பாருங்கள். எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றனவா? படம் முழுதாகத் திறக்கிறதா? காணொளி கடைசி வரை ஓடுகிறதா? ஒவ்வொரு கோப்புறையிலும் நாலைந்தையாவது சோதியுங்கள். இந்தச் சோதனை முடியும் வரை கணினியில் எதையும் துடைக்கக் கூடாது. கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் இதை நீங்களே வீட்டில் முடித்துவிட்டுக் கொடுங்கள்.

நிறுவும் பென்டிரைவைத் தயார் செய்தல்

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, அங்கீகரிக்கப்பட்ட செயலி ஆகியவை வேண்டும். 2018-க்கு முந்திய பல கணினிகள் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. தேறாத கணினி குப்பைக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் 4 ஜிபி நினைவகத்தில் நன்றாகவே ஓடும். இணையம் பார்க்க, தட்டச்சு செய்ய, பாடக் காணொளி பார்க்க அது தாராளமாகப் போதும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் நிறுவலாம் என்ற வசதியும் உண்டு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட காலிப் பென்டிரைவ் ஒன்று தேவை. அதில் இருக்கும் அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே காப்பி எடுத்த அதே பென்டிரைவைப் பயன்படுத்தாதீர்கள். நச்சுநிரல் பிடித்த கணினியில் இதைத் தயாரிக்கவும் கூடாது. நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் தயாரியுங்கள்.

பதிவிறக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவோம். கோப்பு 6 ஜிகாபைட் என்றால் 48,000 மெகாபிட். உங்கள் இணைய வேகம் வினாடிக்கு 5 மெகாபிட் என்றால் 9,600 வினாடி, அதாவது 2 மணி 40 நிமிடம். தோட்டத்துக்குள் வேகம் 1 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால் 13 மணி நேரத்துக்கு மேல். அலைவரிசை பலவீனமான இடத்தில் இருப்பவர்கள் பட்டணத்தில் உறவினர் வீட்டிலோ, அருகிலுள்ள நாடி இணைய மையத்திலோ பதிவிறக்கி வருவது நல்லது.

இயங்குதளத்தை அதை உருவாக்கியவரின் அகப்பக்கத்தில் இருந்து மட்டுமே எடுங்கள். “இலவச விண்டோஸ், ஆக்டிவேட் செய்தது” என்று கிடைக்கும் பிரதிகளில் திருடனும் சேர்ந்தே வரலாம். உரிமத்தோடு விற்கப்பட்ட கணினிக்கு மீண்டும் உரிமம் வாங்கத் தேவையில்லை. அதே வகை விண்டோஸை நிறுவி இணையத்தில் இணைந்ததும், வன்பொருளை வைத்தே அது பெரும்பாலும் தன் உரிமத்தை அடையாளம் கண்டுகொள்ளும்.

அதிகாரபூர்வ அகப்பக்கத்தில் எடுத்தாலும் சரிபார்ப்பது நல்லது. 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மிண்ட் அகப்பக்கத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். உண்மைக் கோப்பின் ‘கைரேகை’யோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அது போலி என்று தெரிந்தது. கைரேகை என்பது கோப்பு முழுவதையும் ஒரு கணக்கு வழியாகச் செலுத்திப் பெறும் சுருக்கம். எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்து நீளம் இருக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். லினக்ஸ் பதிவிறக்கப் பக்கங்களில் இதைச் சரிபார்க்கும் முறையும் கொடுக்கப்பட்டிருக்கும்.

துடைக்கும் நாள்

காலையில் தொடங்குங்கள். நம் வட்டாரத்தில் பிற்பகல் இடிமழையும் மின்தடையும் சேர்ந்தே வரும். பாதி நிறுவலில் மின்சாரம் போனால் வேலை கெட்டுவிடும். மடிக்கணினி என்றால் மின்கலத்தை முழுதாக ஏற்றி, சார்ஜரையும் செருகி வையுங்கள்.

பிறகு இந்த வரிசையில் செல்லுங்கள்:

1. காப்பி எடுத்த வெளி வன்தட்டைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். எந்த வட்டைத் துடைப்பது என்ற கேள்வி வரும்போது தவறான வட்டைத் தொட்டுவிடும் ஆபத்து இதனால் தீரும்.

2. உங்கள் கணினி மாதிரிக்குரிய வைஃபை இயக்கியைத் தயாரிப்பாளரின் அகப்பக்கத்தில் இருந்து முன்கூட்டியே எடுத்து வையுங்கள். புது இயங்குதளத்துக்கு அந்தச் சாதனம் தெரியாவிட்டால் இணையமே இருக்காது. அவசரத்துக்குக் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்தும் இணையம் பெறலாம்.

3. பென்டிரைவைச் செருகிக் கணினியைத் திறந்து, தொடக்கப் பட்டியலுக்குச் செல்லுங்கள். தயாரிப்பைப் பொறுத்து எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்று அதைத் திறக்கும்.

4. விண்டோஸ் என்றால், உரிமச் சாவி கேட்கும் இடத்தில் ‘சாவி இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டின் பிரிவுகள் தெரியும் திரையில் நிறுத்தி, பட்டியல் தாளை மறுபடி ஒருமுறை வாசியுங்கள். எல்லாம் காப்பாற்றப்பட்டிருந்தால் மட்டும் பிரிவுகளை நீக்கி, காலியிடத்தைத் தேர்ந்தெடுத்து, நிறுவலைத் தொடங்குங்கள்.

5. முடிந்ததும் முதல் வேலை, இயங்குதள மேம்பாடுகள். “இனி எதுவும் இல்லை” என்று சொல்லும் வரை நிறுவுங்கள். வெளி வன்தட்டை அதன் பிறகுதான் செருக வேண்டும். செருகியதும் நச்சுநிரல் சோதனை செய்து, படம், ஆவணம், பாடல், எழுத்துரு ஆகியவற்றை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள். பழைய மென்பொருள் கோப்புகளைத் திரும்பக் கொண்டுவராதீர்கள். நச்சுநிரலும் அதே வண்டியில் திரும்பி வரும்.

6. விண்டோஸ் 11 சில கணினிகளில் வட்டைத் தானாகவே பூட்டிக் குறியாக்கம் செய்கிறது. அதற்கான 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். சாவி இல்லாவிட்டால் உங்கள் வட்டை உங்களாலேயே திறக்க முடியாமல் போகலாம்.

கணினியை நச்சுநிரலுக்காகத் துடைத்தீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. துடைப்பது திருடனை வெளியேற்றும். அவன் ஏற்கெனவே எடுத்துச்சென்ற கடவுச்சொல்லைத் திருப்பித் தராது. மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். வங்கிப் பணம் மோசடியில் போய்விட்டது என்று தெரிந்தால், தாமதிக்காமல் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணையோ அழையுங்கள்.

கொடுக்கப் போகும் கணினி

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தார்கள். வேலை செய்த 129 வட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள் என்று பலவும் கிடைத்தன. ஆய்வு வெளியானது 2003-இல். அதை விற்றவர்களில் பலரும் அழித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உங்கள் கணினியில் அடையாள அட்டைப் பிரதி, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை இல்லாமல் இருக்காது. விற்பதாகவோ தானம் கொடுப்பதாகவோ இருந்தால், விண்டோஸின் ‘ரீசெட்’ வசதியில் அனைத்தையும் நீக்குவதோடு, வட்டைத் தூய்மை செய்யும் தேர்வையும் இயக்குங்கள். பல மணி நேரம் ஆகலாம். பழைய வகை வன்தட்டுக்கு முழுப் பரப்பிலும் ஒருமுறை மேலெழுதினாலே போதும். 35 முறை எழுத வேண்டும் என்பது பழங்காலத்து வட்டுகளை வைத்துச் சொன்ன கதை. எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். இயங்காத கணினியை எடைக்குப் போடுவதானால் வட்டைக் கழற்றிக்கொண்டு போடுங்கள்.

இந்த வாரக் கடைசியில் கணினியைத் துடைக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. அந்தப் பட்டியல் தாளை மட்டும் எழுதுங்கள். “இந்தக் கணினியில் உன்னுடையது என்ன இருக்கிறது?” என்று பாட்டி முதல் கடைக்குட்டி வரை ஒவ்வொருவரையும் கேளுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். எல்லாரும் பதில் சொல்லி, காப்பி எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்து முடித்துவிட்டால், மிச்ச வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.